கட்டைவிரல் தள்ளுகிற தூரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

என் கத்தியைக் காணோம். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது. சாப்பாட்டு டப்பா, தைலப் புட்டி, கண்ணாடிக் கூடு, போன வருஷத்து பஸ் டிக்கெட் வரை எல்லாம் இருக்கிறது. கத்தி மட்டும் இல்லை. கால் முளைத்து நடந்து போய்விட்டதா?

பேக்கிங் பிரிவில் கத்தி இல்லாதவன் கை இல்லாதவன். கம்பெனி கொடுத்த மடக்குக் கத்திதான், ஆனால் இத்தனை வருஷம் என்னிடம் இருந்து என் உடம்பில் ஒன்றாகிவிட்டது. பிடியில் நீல நாடா சுற்றி வைத்திருந்தேன். ஒரு கையால் பெட்டியின் கட்டுப்பட்டையை இழுத்துப் பிடித்திருக்கும்போது இன்னொரு கையால் திறக்க வேண்டும், அதற்கென்றே செய்த கத்தி. அலகில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளினால் போதும், மிச்சத்தை உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். டக்.

நெட்டை மேல் சந்தேகம். எனக்கு அடுத்த மேஜையில் நிற்கிறவன். நேற்றுதான் "அண்ணே, உங்க கத்தி வெண்ணெய்ல போற மாதிரி போகுதே" என்று கண் வைத்தான். நேராகவே கேட்டுவிட்டேன். "ஏண்ணே, என்கிட்ட ஒண்ணு இருக்கும்போது உங்களுதை எடுத்து என்ன, தாடியா சிரைக்கப் போறேன்?" என்றான். முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லை. எந்தத் திருடன்தான் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறான்?

பிப்ரவரி 8, ஞாயிறு

பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆன பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறேன் என்று இவள், என் வீட்டுக்காரி, திட்டுவாள். என்ன செய்ய, வாய் பழகிவிட்டது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் பாப்பாக்களை எல்லாம் எங்கள் பாப்பாதான் தூங்க வைக்கிறாள்.

மாப்பிள்ளை தங்கம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "மாமா, கண்ணாடி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, குடுங்க" என்று வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்து முறுக்கி, துடைத்து, அவரே என் காதில் மாட்டிவிட்டார். அப்பனுக்குக்கூட இவ்வளவு பதவிசாக எந்த மகனும் செய்ய மாட்டான்.

பாப்பாதான் சரியில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் கோட்டைக் கழற்றவில்லை. வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "உள்ள என்னம்மா, புதையலா? அப்பனுக்கும் பங்கு குடேன்" என்றேன். பாப்பா சிரிக்கவில்லை. "அவளுக்கு எப்பவும் குளிர் மாமா" என்று மாப்பிள்ளை சொன்னார். அடுக்களையில் இவள் தட்டைப் போட்டு உடைத்தாள். இந்த வீட்டில் பெண்கள் இருவருக்கும் ஏதோ ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

நெட்டையோடு பேச்சு இல்லை. அவன் தைரியமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். திமிர்.

பிப்ரவரி 12, வியாழன்

கத்தி கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடினேன். பாப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் என் கத்தி. நீல நாடாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இது என் கத்திங்க, கம்பெனிக் கத்தி, எப்படி இங்க வந்துச்சு?" என்று கத்தினேன்.

நடந்தது இதுதான். பாப்பா கோர்ட்டு வளாகத்துக்குப் போயிருக்கிறாள். வாசலில் பையையும் ஆளையும் சோதிக்கிற கருவி கூவியிருக்கிறது. கோட்டுப் பையில் கத்தி. "இது எதுக்கு?" என்று காவலர் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை, "தெரியாம வந்துடுச்சு" என்று சொல்லியிருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பார்களாம். பாப்பா என்ன சொன்னாள் தெரியுமா? "என் பாதுகாப்புக்கு."

அதை அப்படியே எழுதிக்கொண்டுவிட்டார்கள். கேஸ்.

"உனக்கென்ன பாதுகாப்புக் குறைச்சல்? கோர்ட்டுல உனக்கென்ன வேலை?" என்று கேட்டேன். "ஒரு சான்றிதழ் விஷயமாப்பா" என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

கையெழுத்துப் போட்டு நானே கூட்டிப் போகலாம் என்றார் அதிகாரி. ஆனால் கட்டிக்கொடுத்த பெண். புருஷனுக்குத் தெரியாமல் நான் கூட்டிப் போனால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரவழைத்தேன். பத்து நிமிஷத்தில் கடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஒரு சுடுசொல் இல்லை. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

"அப்பா, நான் உங்க கூட நம்ம வீட்டுக்கு வரேனே" என்று பாப்பா என் சட்டையைப் பிடித்தாள். "முதல்ல மாப்பிள்ளை கூடப் போம்மா, பாவம், மனுஷன் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார். ஆற அமரப் பேசிக்கலாம்" என்றேன். அவர் காரின் கதவைத் திறந்து பிடித்தார். நான் கையசைத்தேன்.

இவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாளை மறுநாள்தான் வருவாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், இப்போதே போன் போட்டுப் பயமுறுத்துவானேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பாப்பா போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்தார். "தூங்குறா மாமா. ரொம்ப அலுத்துப்போயிட்டா."

பிப்ரவரி 14, சனி

இவள் வந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"யார் கூட அனுப்பினீங்க?"

மாப்பிள்ளை கூடத்தான், வேறு யார் கூட அனுப்புவேன் என்றேன்.

இத்தனை வருஷத்தில் இவள் என் மேல் கை வைத்ததில்லை. இன்றைக்கு இரண்டு கையாலும் என் மாரில் குத்தினாள். "பாவி மனுஷா, கத்தியை நான்தான்யா எடுத்துக் குடுத்தேன்! அவன் அடிக்கிறான்யா! ரெண்டு வருஷமா அடிக்கிறான்! கைக்குள்ள வெச்சுக்கோடி, எதுவும் பண்ண வேணாம், கையில இருந்தாலே ஒரு தெம்பு இருக்கும்னு நான்தான் குடுத்தேன்!"

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு திருப்பிக் கேட்டா. "மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பஞ்சாயத்துப் பேசியிருப்பீங்க. அவன் தலையைக் குனிஞ்சு 'சரி மாமா'ம்பான். வீட்டுக்குப் போனதும் அதுக்கும் சேர்த்து அடிப்பான். இதுதானே நடந்திருக்கும்?"

இதுதான் நடந்திருக்கு.

ஓடினோம். அவன்தான் கதவைத் திறந்தான். சிரிச்ச முகம். "வாங்க மாமா, உக்காருங்க." பாப்பா உள்ளறையில, துண்டைச் சுத்தின கையோட. வலது கை. விரலெல்லாம் வீங்கி— பார்க்க முடியலை. "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா"ன்னான். அவ என்னைப் பார்த்தா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தா.

"கிளம்பு"ன்னேன்.

அவன் வழியை மறிக்கலை. வாசல் வரைக்கும் கூட வந்து, அந்தப் பதவிசான குரல்லயே சொன்னான்: "கூட்டிட்டுப் போங்க மாமா. ஆனா யார் மேல கேஸ் இருக்குன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்வீங்க? கத்தி வெச்சிருந்தது நானா, அவளா?"

பாப்பாவோட நல்ல கையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கினேன்.

இனிமேல் இந்த டைரியில் அவன், அவன்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மணிக்கட்டுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இரண்டு நாள் கட்டுப்போடாமல் விட்டதற்கு டாக்டர் எங்களைத் திட்டினார். திட்டட்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நெட்டையிடம் போய் நின்றேன். "தம்பி, கத்தி கிடைச்சிருச்சு. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்." "விடுங்கண்ணே, எங்க இருந்துச்சு?" என்றான். சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. பேக்கிங் பிரிவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்னை அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்து, முடிகிற வரை பக்கத்திலேயே நின்றான். இவனைப் போய்த் திருடன் என்றேன். அவனைத் தங்கம் என்றேன். ஆள் பார்க்கத் தெரிந்த லட்சணம்!

அவன் கடையில் போட்டுக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பழைய கண்ணாடியில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

பாப்பா இன்று கொஞ்சம் பேசினாள். கோர்ட்டுக்கு எதற்குப் போனாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் தன் பக்கம் வரக்கூடாது என்று நீதிபதியிடம் உத்தரவு கேட்கலாமாம். எந்த அறையில் மனு கொடுப்பது என்று விசாரிக்கப் போயிருக்கிறாள். தானாகவே, யாரிடமும் சொல்லாமல். பாதுகாப்புக் கேட்கப் போன இடத்தில் பாதுகாப்புக்கு வைத்திருந்ததற்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

"கத்தி இருந்தது ஞாபகம் இல்லையாம்மா?"

"அது கை மாதிரி ஆயிடுச்சுப்பா. வாசல்ல யாராவது கையைக் கழட்டி வெச்சுட்டா உள்ள போவாங்க?"

"எப்பவாவது திறந்திருக்கியா?"

"ஒரு தடவைகூட இல்ல. குமிழ் மேல விரலை மட்டும் வெச்சுப்பேன்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டால் சொல்கிறாள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, புதையல் கிதையல் என்று உளறாமல், பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு "என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மிச்சத்தை அவளே சொல்லியிருப்பாள்.

மார்ச் 2, திங்கள்

காப்பகத்துத் தலைமையம்மா வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷி. கேஸ் முடிகிற வரை பாப்பா வர வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார், சொல்ல முடியாமல் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். விடுதலை என்று தீர்ப்பு வந்தால் மறுநாளே வேலைக்கு வரலாம். குற்றம் என்று பதிவாகிவிட்டால், குழந்தைகள் இருக்கிற இடத்தில் சேர்க்கவே கூடாது என்பது விதியாம். "என் கையில இல்லம்மா" என்றார்.

போகும்போது ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் வரைந்தது. பாப்பாவுக்குத் தலையை விடப் பெரிய கை. பாப்பா அதைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு.

மார்ச் 4, புதன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். வேகமாகப் பேசுகிறார், ஆனால் புரிகிற மாதிரி பேசுகிறார்.

பாப்பா மேல் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, வைத்திருக்கவே கூடாத ஜாதிக் கத்தி என்று. பிடியில் பொத்தானை அமுக்கினால் அலகு தானாகப் பாய்ந்து வரும் கத்திகள் இருக்கின்றன. அவற்றை யாருமே வைத்திருக்கக் கூடாது. நம் கத்தியில் பொத்தான் கிடையாது. அலகையே விரலால் தள்ள வேண்டும், அப்புறம்தான் ஸ்பிரிங் உதவிக்கு வரும். தள்ளாத வரைக்கும் அந்த ஸ்பிரிங்கே அலகை உள்பக்கம் பிடித்து வைத்திருக்கும். "அதை நிரூபிச்சுடலாம், அது பெரிய விஷயமில்லை" என்றார் வக்கீலம்மா.

இரண்டாவதுதான் சிக்கல். வைத்திருக்கலாம் என்கிற கத்தியாகவே இருந்தாலும், பொது இடத்துக்கு எடுத்துப் போகத் தகுந்த காரணம் வேண்டும். பெட்டி அறுக்கிறவனுக்கு வேலை ஒரு காரணம். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு அது ஒரு காரணம்.

"பயம்?" என்று இவள் கேட்டாள்.

"பயம் காரணம் இல்லம்மா. பயப்படற எல்லாரும் கத்தியோட நடமாடினா தெரு என்னத்துக்கு ஆகும்னு சட்டம் கேக்குது. அதுவும் நியாயம்தானே? அந்த நிமிஷமே ஒருத்தன் எதிர்ல வந்து நின்னான்னா கதை வேற. கோர்ட்டு வாசல்ல அப்படி யாரும் நிக்கல."

பாப்பா மாவுக்கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5, வியாழன்

அவன் கையில் கத்தி இல்லை. வெறும் கை. எந்த வாசலிலும் எந்தக் கருவியும் அவனைப் பார்த்துக் கூவாது.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

அன்றைக்கு நான் கத்தியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பாப்பா காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், "அப்பாவுக்கு வேலை ஓடாதே" என்று எடுத்துக்கொண்டு என்னிடம் கொடுக்கக் கிளம்பினாள். வழியில் சான்றிதழ் விஷயமாகக் கோர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிடித்ததும் பதறிப்போய் ஏதோ உளறினாள். அவ்வளவுதான்! கத்தி வேலைக்கானது, காரணம் வேலை. விடுதலை. மறுநாள் காப்பகம்.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்படித்தான் நடந்துச்சுன்னா நல்லதுதான்" என்றார்.

நெட்டையை நீதிபதியாக வைத்து இடைவேளையில் ஒத்திகை பார்த்தேன். பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மிரட்டினான். "சத்தியமா சொல்றீங்களா?" "சத்தியமாங்க." "அண்ணே, பொய் சொல்லும்போது உங்க காது சிவக்குது. குல்லா போட்டுக்கிட்டுப் போங்க."

பரவாயில்லை. என் பெண்ணுக்காகப் பொய் சொல்ல நான் தயார். காது எரிந்து போனாலும் சரி.

ஏப்ரல் 21, செவ்வாய்

நாளைக்குக் கோர்ட்டு. வேலை விட்டு வந்ததும் பாப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்:

"அப்பா, அந்தக் கதை வேணாம்."

பதறிப்போய்விட்டேன். வேலை போயிடும்மா, பிள்ளைங்க போயிடும்மா, ஒரே ஒரு பொய்தானே, யார் குடி கெட்டுப்போகும் என்றேன்.

"தெரியும்பா. ஆனா எதுக்கு வெச்சிருந்தேன்னு நான் உண்மையைச் சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்டதான். வாசல்ல நின்ன அந்தக் காவலர்கிட்ட. உங்ககிட்டகூடச் சொல்லல. இப்ப அதையும் பொய்னு சொல்லிட்டா, நடந்தது எதுவுமே நடக்கலைன்னு ஆயிடும். என் வீட்டுக்காரருக்கும் அதுதானே வேணும்?"

"காப்பகம்?"

"அதை நினைச்சாதான் அழுகை வருது" என்றாள். ஆனால் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஏப்ரல் 22, புதன்

முடிந்தது.

சின்ன அறை. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவனும் வந்து பின்வரிசையில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான், மனைவி மேல் அக்கறையுள்ள புருஷனாக.

முதலில் கத்தி. நீதிபதியம்மா அதைத் திறந்து காட்டச் சொன்னார். போலீஸ்காரர் பிடியைப் பிடித்து உதறினார், திறக்கவில்லை. மணிக்கட்டைச் சுண்டினார், திறக்கவில்லை. தலைகீழாகப் பிடித்து ஆட்டினார், அப்போதும் இல்லை. "குமிழைத் தள்ளுங்க" என்றார் நீதிபதியம்மா. தள்ளினார். டக்.

பாப்பாவின் தோள் தூக்கிப் போட்டது. நீதிபதியம்மா கத்தியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

முதல் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். கத்தி தப்பித்துவிட்டது.

அப்புறம் கேட்டார்கள், எதற்கு வைத்திருந்தாய் என்று. பாப்பா எழுந்தாள்.

"பயமா இருந்துச்சுங்க."

"யாரைப் பார்த்து?"

"என் வீட்டுக்காரரைப் பார்த்து." திரும்பி அவனைப் பார்க்கவில்லை. "அவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கை பாக்கெட்டுக்குப் போயிடும்."

"அவர் உங்களை அடிக்கும்போது இந்தக் கத்தியைத் திறந்து காட்டியிருக்கிறீர்களா?"

"இல்லங்க. கையில இருக்குங்கிற தெம்புதான்."

"கை எப்படி உடைந்தது?"

"அவர் உடைச்சாருங்க. அன்னிக்குக் கத்தி ஸ்டேஷன்ல இருந்துச்சு."

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன், அவன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக அவள் ஒருத்தியே சுமந்தது இப்போது முன்பின் தெரியாத பத்துப் பேர் காதிலும் இருந்தது.

என்னைக் கூப்பிடவே இல்லை. ஒத்திகை பார்த்த பொய் நாக்கிலேயே செத்துப்போனது.

நீதிபதியம்மா கனிவாகத்தான் பேசினார். உங்கள் பயம் உண்மையானது என்று நம்புகிறேன் என்றார். ஆனால் சட்டம் கேட்கிற காரணம் அது இல்லை என்றார். குற்றம் நிரூபணம். தண்டனை இல்லை, எச்சரிக்கை மட்டும். பதிவு மட்டும் இருக்கும். கத்தியை அழித்துவிட உத்தரவு. அந்தக் கையைப் பற்றித் தனியாக விசாரிக்கவும், வக்கீலம்மா போட்டிருந்த பாதுகாப்பு மனுவை உடனே எடுக்கவும் எழுதினார்.

வெளியே வந்ததும் பாப்பா, "சொல்லிட்டேன்பா" என்றாள்.

ஆமாம்மா. சொல்லிட்டே.

ஏப்ரல் 23, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

மே 6, புதன்

காப்பகத்திலிருந்து பாப்பாவின் பொருள்களைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு ஏப்ரன், ஒரு டம்ளர், பொம்மைக்கு அவள் தைத்துக்கொண்டிருந்த பாதிச் சட்டை. தலைமையம்மா வரவில்லை. எப்படி வருவார்?

பாப்பா அந்தப் பாதிச் சட்டையை எடுத்துத் தைத்து முடிக்கப் பார்த்தாள். ஊசியைப் பிடிக்கக் கட்டைவிரல் வளையவில்லை. இவள் வாங்கித் தைத்து முடித்தாள். முடித்து யாருக்குக் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அலமாரியில் இருக்கிறது.

மே 19, செவ்வாய்

உத்தரவு வந்தது. அவன் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது, போன் போடக்கூடாது. கையை உடைத்ததற்கான வழக்கு தனியாக நடக்கிறது. அது முடிவதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும் போலிருக்கிறது. முடியட்டும், பொக்கை வாயோடு போய் உட்கார்ந்து கேட்பேன்.

இவள் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாமான் வாங்கக் கிளம்பினாள். பாப்பாவும் கூடப் போனாள். வக்கீல், கோர்ட்டு, ஆஸ்பத்திரி தவிர மூன்று மாதமாக வாசலைத் தாண்டாதவள்.

ஜூன் 14, ஞாயிறு

டாக்டர் சொன்னது: கட்டைவிரல் இவ்வளவுதான். எழுதலாம், சாப்பிடலாம். அழுத்தம் வராது.

"ரெண்டு நாள் முன்னாடி கட்டுப்போட்டிருந்தா?" என்று கேட்டேன். அன்றைக்குத் திட்டின மனுஷர், இன்றைக்கு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். திட்டே தேவலை.

ஜூலை 20, திங்கள்

பாப்பா எங்கள் பேக்கிங் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தாள். பதிவைப் பார்த்ததும் கதவு மூடுகிறது. எங்கள் மேற்பார்வையாளர்தான், "இங்க பெட்டிங்கதான் இருக்கு, பெட்டிங்க யாரையும் எதுவும் கேக்காது" என்று சேர்த்துக்கொண்டார். நெட்டை தன் மேஜையை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டான். "எனக்கு அங்க காத்து நல்லா வருது" என்கிறான். அங்கே ஜன்னலே இல்லை.

சேர்ந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மடக்குக் கத்தி. அதே ஜாதி, அதே குமிழ், அதே ஸ்பிரிங். இப்போது அவளுக்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். வலது கட்டைவிரலைக் குமிழில் வைத்தாள். தள்ளினாள். அலகு அசையவில்லை. திரும்பத் தள்ளினாள். உதடு வெளுத்துப்போனது. கொஞ்சம் தள்ளினால் போதும், மிச்சத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சத்தைத்தான் அவன் உடைத்திருக்கிறான்.

எழுந்து போய்த் திறந்து கொடுக்கக் கால் துடித்தது. நெட்டை என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இருங்கண்ணே."

"இடது கையில பழகிக்கறேன்" என்றாள் பாப்பா, யாரையும் பார்க்காமல்.

நான் என் மேஜைக்குத் திரும்பிப் பட்டையை இழுத்துக் கட்டினேன். முதுகுக்குப் பின்னால் சத்தத்துக்காகக் காது கிடந்து தவித்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டது. டக்.

ஆகஸ்ட் 5, புதன்

பாப்பாவுக்குக் கை பழகிவிட்டது. இடது கையால் என்னைவிட வேகமாக அறுக்கிறாள். நெட்டை அவளை "சின்ன மேஸ்திரி" என்று கூப்பிடுகிறான், அவளும் வேலை ஏவுகிறாள்.

எங்கள் கேஸுக்குப் பிறகு கம்பெனியில் புது விதி: கத்தி யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, கேட்டில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் பாப்பா தன்னுடையதை மாட்டிவிட்டு வெளியே வந்தாள். நாலடி நடப்பதற்குள் வலது கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. ஒன்றும் இல்லாத பை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்து என் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவளை உள்பக்கம் விட்டு நான் சாலைப் பக்கமாக நடந்தேன். பஸ் வந்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. நெட்டை அடித்த கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

பஸ் காப்பகத்தைத் தாண்டும்போது ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். தினமும் அந்த இடத்தில்தான் அவளுக்கு ஷூ கயிறு அவிழ்கிறது.